காலி டப்பா

மேலப்பாளையம்
14.10.2024

தம்பி முஹ்சினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று உம்மா பக்கத்தில் நிற்கிறாள், அதனால் எழுதினேன். உம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். இனி நான் எழுதுவது.

நான்கு நாளாக நீ போன் செய்கிறாய். நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். என் குரல் உன் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது யார் யார் கைக்குப் போகுமோ. அதனால்தான் தாளில் எழுதி, சார்ஜாவுக்குத் திரும்புகிற எதிர்வீட்டு காஜா முகைதீன் கையில் கொடுத்துவிடுகிறேன். பதில் எழுதுவதாக இருந்தால் நீயும் தாளில் எழுது.

வியாழக்கிழமை குலசை தசராவுக்கு மாலை போட்ட கூட்டம் ஒன்று முக்கூடல் வழியாகப் போயிருக்கிறது. காளி வேஷம், போலீஸ் வேஷம், குரங்கு வேஷம். பின்னால் வேனில் ஆளுயர ஸ்பீக்கர். நம் தங்கச்சி மர்வாவைக் கட்டிக்கொடுத்த தெருவில் நிறுத்தி அரை மணி நேரம் ஆடியிருக்கிறார்கள். மர்வாவின் மாமியார் கமர் நிஷா மாமி வாசலில் நின்று மீன் வாங்கிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் நீ செய்து வெளியிட்ட பாட்டு, அதில் என் குரல் "முக்கூடல் மாமியாரே" என்கிறது. பிறகு "கம, கம, கமரு" என்று அவர் பெயரைக் கோழி கொத்துவது போலக் கொத்துகிறது. ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் "காலி டப்பா, காலி டப்பா, காலி டப்பா" என்று இடி விழுகிறது, தெருவே குதிக்கிறது. மீன்காரி இசக்கியம்மா, "ஏ மைனி, ஒங்க பேரல்லா சொல்லுதான்" என்று சிரித்திருக்கிறாள். மாமி மீனை வாங்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆடியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு எது தெரியும். உனக்குத் தெரியும்.

தெரியாதவன் போல நடந்துகொண்டதால் சொல்லித்தருகிறேன், கேள். பெண்ணை அழைத்துப் போக மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருவார்கள். அறைக் கதவைச் சாத்துவோம். வாசலில் ஒரு வாளி இருக்கும், எல்லாரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். பெண் வீட்டுக்காரி பித்தளைத் தாம்பாளத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டு சம்பந்தியை ஏசிப் பாடுவாள். அவர்கள் பதில் ஏசல் பாடுவார்கள். முடிந்ததும் ஏசியவள் வாயில் இவளும் இவள் வாயில் அவளும் சீனி போடுவார்கள். கதவைத் திறந்த பிறகு அந்தச் சொல்லை யாரும் வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால் அதற்குப் பெயர் ஏசல் இல்லை, வசவு.

மர்வா கல்யாணத்தில் நான் பாடியது இதுதான்:

முக்கூடல் மாமியாரே, மூணு வேனில் வந்தியளே,
மூணு வேனு சனத்துக்கும் மூணு சீப்புப் பழந்தானா?
கமரு நிஷா கைப்பையி கனக்குதுன்னு தொறந்து பாத்தா
காலி டப்பா, காலி டப்பா, கறிசோறு கொண்டு போக.

பாடிவிட்டு மாமி வாயில் சீனி போட்டேன். ஒன்பது மாதம் கழித்து நீ அந்தச் சீனியைத் துப்ப வைத்துவிட்டாய்.

மர்வா தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் வருகிற நாசர் மாப்பிள்ளை நேற்று வரவில்லை. பாட்டு ஊரில் ஓடுகிறவரை இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

பாட்டை எடு.

ஃபஹ்மிதா


சார்ஜா
25.10.2024

லாத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உம்மாவுக்குத் தனியாக என் ஸலாம்.

காஜா முகைதீன் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே என்னைப் பற்றித்தான் பேசுகிறது என்றார். பெருமையாகவா என்று கேட்டேன். இல்லை என்றார்.

வழக்கமெல்லாம் சொல்லித்தந்தாய், நன்றி. ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். அன்றைக்கு வாளியில் போன் போடாதவள் நீ. தாம்பாளத்துக்கு அடியில் ஒளித்து வைத்து, பதிவு செய்து, எனக்கு அனுப்பியவள் நீ. நான் யார் வீட்டிலும் புகுந்து திருடவில்லை.

உன் குரலை இரண்டு படி மேலே ஏற்றினேன். உன்னை யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்றுதான் செய்தேன். மாமியின் பெயரையும் முழுதாக வைக்கவில்லை, துண்டு துண்டாக்கிவிட்டேன். "கமரு" என்பது காதுக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒருவருக்கும் புரியாது என்று நினைத்தேன். முக்கூடல் தெருவில் போய் அது ஓடும் என்று நான் கனவா கண்டேன்?

ஏழு வருடமாக நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா? மற்றவன் மேடைக்கு ஸ்பீக்கர் தூக்குகிறேன். வயர் சுற்றுகிறேன். மிச்ச நேரத்தில் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மே மாதம் கடற்கரையில் ஒரு நிகழ்ச்சி. வரவேண்டிய ஆள் வரவில்லை, பத்து நிமிடம் நீ எதையாவது போடு என்றார்கள். இதைப் போட்டேன். உன் தாம்பாளத்தின் முழக்கத்தைத்தான் அடித்தாளமாக வைத்திருக்கிறேன் லாத்தா. அந்தச் சத்தம் எந்த மிஷினிலும் கிடையாது. பிலிப்பைன்ஸ்காரனும் சிரியாக்காரனும் அர்த்தம் தெரியாமல் "காலி டப்பா" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். என்னை ஒரு கூட்டம் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம்தான் மும்பைக் கம்பெனி ஒன்று வாங்கி வெளியிட்டது.

நலிந்துவருகிற ஒரு கலையை உலகத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று நினைத்தேன். அது நாலு சுவருக்குள் கிடந்து சாக வேண்டும் என்கிறாயா?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். எட்டு வயதுவரை நான் அந்த அறையில் உன் மடியில் உட்கார்ந்து ஏசல் கேட்டவன். அடுத்த வருடம் நீதான் என் காதைப் பிடித்து வெளியே விட்டாய். "ஆம்பளப் பிள்ளைக்கு இங்கன என்னலே வேல" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் வெளியேதான் நிற்கிறேன்.

முஹ்சின்


மேலப்பாளையம்
6.11.2024

முஹ்சின்,

நலிந்துவருகிற கலை என்று எழுதியிருக்கிறாய். பாட்டு இருக்கிற பக்கத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறாயாம், மர்வா காட்டினாள். உனக்கு யார் சொன்னது அது நலிகிறது என்று? செப்டம்பரில் மட்டும் நான் நாலு கல்யாணத்தில் பாடினேன். ஆசாத் தெருவில் ஒரு வீட்டில் பதில் ஏசல் தாங்க முடியாமல் நான் தோற்றுப்போய் வந்தேன். நாலு சுவருக்குள் அது சாகவில்லை, நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்து இருந்தது. போன மாதத்திலிருந்து ஒரு வீட்டுக்காரியும் என்னைக் கூப்பிடவில்லை. நலிய வைத்தவன் நீ.

போனை ஒளித்தது நான்தான். அதை நீ எனக்கு நினைவூட்ட வேண்டாம். ஒவ்வொரு தொழுகையிலும் நினைக்கிறேன். ஆனால் ஏன் ஒளித்தேன் என்பதை நீ எழுதவில்லையே. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று போனில் அழுதாய். "நீ பாடுறத ஒரே ஒரு தடவ கேக்கணும் லாத்தா, கேட்டுட்டு அழிச்சிருதேன்" என்றாய். அந்த அழுகையைக் கேட்டுத்தான் முப்பது பெண்களுக்குத் துரோகம் செய்தேன். அழித்தாயா? இரண்டு படி ஏற்றி ஊருக்கு விற்றாய்.

குரலை ஏற்றினால் அடையாளம் தெரியாதாம். நான் எந்த எழுத்தில் மூச்சு வாங்குவேன் என்று மேலப்பாளையத்துப் பெண்களுக்குத் தெரியும் தம்பி.

காதைப் பிடித்து வெளியே விட்டேன் என்று குறை எழுதியிருக்கிறாய். விட்டேன்தான். எல்லா வீட்டு ஆண்பிள்ளையையும் அந்த வயதில் வெளியே விடுவார்கள். அவர்களெல்லாம் கோபத்தை வைத்துக்கொண்டு இருபது வருடம் கழித்துக் கதவை உடைக்கவில்லை.

இப்போது முக்கூடலில் நடப்பதைக் கேள். அந்த வீட்டுக்கு "காலி டப்பா வீடு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் ஒருவன் அந்த மெட்டை விசிலடித்திருக்கிறான். நாசர் மாப்பிள்ளை கைநீட்டிவிட்டார். அடித்ததில் அவர் விரல்தான் முறிந்தது. கட்டுப் போட்டிருக்கிறதாம், நாங்கள் போய்ப் பார்க்கக் கூட முடியவில்லை. கமர் நிஷா மாமி வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. மர்வாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் அவர்கள் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போக வேண்டும். வராமல் போனால் அவள் காலத்துக்கும் இங்கேதான் இருப்பாள்.

உன் நியாயமெல்லாம் எனக்குத் தேவையில்லை. எடு என்று சொன்னேன். எடுத்தாயா, அதை மட்டும் எழுது.

ஃபஹ்மிதா


சார்ஜா
13.11.2024

லாத்தா,

எடுக்க முடியாது. மூன்று தடவை கம்பெனிக்கு எழுதினேன். எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான் என்கிறார்கள். அவர்கள் எடுத்தாலும் பயனில்லை, யார் யாரோ இறக்கி வைத்திருக்கிறார்கள், ரீல்ஸ் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. திருநெல்வேலியில் டிஜே போடுகிறவர்கள் எல்லார் பென்டிரைவிலும் இருக்கிறது. நான் வந்து ஒவ்வொரு வேனாக ஏறி அழிக்கவா?

நாசர் மச்சான் நேற்று போன் செய்தார். எடுத்த உடனே ஏச்சு. நானும் மனிதன்தானே. ஒரு பாட்டுக்காகப் பிள்ளைத்தாச்சிப் பெண்டாட்டியைப் பார்க்க வராதவரெல்லாம் ஆம்பிளையா என்று கேட்டுவிட்டேன். வைத்துவிட்டார். சொன்னது தவறு என்று தெரிகிறது. ஆனால் அவர் ஏசியதும் சரியில்லை.

மர்வாவை என்னிடம் பேசச் சொல். அவளுமா என் மேல் கோபமாக இருக்கிறாள்?

முஹ்சின்


மேலப்பாளையம்
24.11.2024

முஹ்சின்,

பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. பதினேழாம் தேதி காலையில். தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல அதன் வாப்பா நாசர் மாப்பிள்ளை வரவில்லை, பக்கத்து வீட்டு அகமது மீரான் அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தோம். ஆம்பிளையா என்று நீ கேட்ட கேள்விக்கு இதுதான் கிடைத்த பதில். மர்வா உன்னிடம் பேச மாட்டாள். அவள் யாரிடமும் பேசவில்லை.

புதன்கிழமை நானே முக்கூடலுக்குப் போனேன். உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் டிரைவர் உன் பாட்டைத்தான் போட்டான். இறங்கும்வரை கேட்டுக்கொண்டே போனேன்.

கமர் நிஷா மாமி கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போனை ஒளித்ததைச் சொன்னேன். உனக்கு அனுப்பியதைச் சொன்னேன். உங்களை அப்படி ஏசிப் பாடியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்தேன். கையை இழுத்துக்கொண்டார்.

"ஏசுனதுக்கு எனக்குக் கோவம் இல்ல பிள்ளே. ஏசத்தான் கூப்பிட்டிய, ஏசத்தான் வந்தோம்" என்றார். பிறகு சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

"நாசர் வாப்பா மவுத்தானப்ப இவனுக்கு நாலு வயசு. கல்யாண வீட்டுல சட்டி பான கழுவிட்டு, மிஞ்சுன சோத்த டப்பாவுல கொண்டாந்துதான் இவன வளத்தேன். முக்கூடல்ல அது தெரியாத ஆளு கெடையாது. ஒனக்குத் தெரியாது, அது எனக்குத் தெரியும். வாய்க்கு வந்தத வச்சுப் பாடுன. ஆனா அந்தச் சொல்லு விழுந்ததும் எங்கூட வந்தவ அத்தன பேரும் எம் மூஞ்சியப் பாத்தாளுவ. நான் எந்திரிச்சுப் பதில் சொன்னேன். இந்த ஆயுசுல நான் நறுக்குன்னு சொன்னது அந்த ஒரு பதிலுதான். அதத்தான ஒந்தம்பி வெட்டி எறிஞ்சிட்டான். அவன் பாட்டுல நீ ஏசிக்கிட்டே இருக்க, ஏசிக்கிட்டே இருக்க, நான் வாய் செத்தவ மாரி கேட்டுக்கிட்டே இருக்கேன். இப்ப நான் அந்த வேனுக்குப் பொறத்தால ஓடிப்போயா பதில் சொல்லுவேன்?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒரு மாதமாக உன்னைத் திட்டி எழுதுகிறேன், எதற்குத் திட்ட வேண்டும் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மாமி அன்றைக்குப் பாடியது உன்னிடம் முழுதாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், கண்ணால் படி:

காலி டப்பா கொண்டுவந்தது கறிசோத்துக்கு இல்ல தாயி,
கண்ணு ரெண்டும் செவக்க ஒங்க கடைக்குட்டி அழுவா பாரு,
சிந்துகிற கண்ணீரு சிமிண்டுத் தரை படுமுன்னே
ஏந்திக்கொண்டு போகத்தான் எடுத்துவந்தேன் டப்பா ரெண்டு.

அதைக் கேட்டு நம் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அழுதோம். என் கை தாம்பாளத்தில் நின்றுவிட்டது. நான் தோற்றுப்போனேன், தோற்றதில் அவ்வளவு சந்தோஷம். நம் மர்வா நல்ல இடத்துக்குத்தான் போகிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சு ஆறியது.

இதை ஏன் வெட்டினாய்? காரணத்தை எழுது. பொய் எழுதாதே.

ஃபஹ்மிதா


சார்ஜா
4.12.2024

லாத்தா,

பொய் எழுதவில்லை. தாளம் விழுந்துவிட்டது, அதனால்தான் வெட்டினேன்.

மாமி பாட ஆரம்பித்ததும் நீங்கள் மெதுவாகிவிட்டீர்கள். அவர் ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பாடுகிறார். நடுவில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். உன் கை நின்றே போய்விட்டது. ஆட்டப் பாட்டுக்கு நிமிடத்துக்கு நூற்றிருபத்தெட்டு அடி வேண்டும். அதில் அது உட்காரவில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்தேன், முடியவில்லை, எடுத்துவிட்டேன். அது ஒரு மனுஷியின் பதில் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேகம் குறைகிற இடம் என்றுதான் தோன்றியது. படித்துவிட்டு என்னைக் காறித் துப்பு, வாங்கிக்கொள்கிறேன். மாமியின் கதை எனக்குத் தெரியாது.

ஆனால் இதற்கு ஒரு வழி இருக்கிறது. உன் கடிதம் வந்த அன்றே பழைய பதிவைத் திறந்து கேட்டேன். மாமியின் குரல் என்ன குரல் லாத்தா அது. நடுவில் தாளத்தையே நிறுத்திவிட்டு, அவரை மட்டும் தனியாகப் பாடவிட்டு, "டப்பா ரெண்டு" என்று அவர் முடிக்கிற இடத்தில் உன் தாம்பாளத்தை மறுபடி கொண்டுவந்தேன். கேட்டால் மயிர் கூச்செறிகிறது. கம்பெனிக்கு ஒரு சின்னத் துண்டு மட்டும் அனுப்பிக் காட்டினேன், துள்ளுகிறார்கள். இது முதலாவதைவிடப் பெரிதாகப் போகும். பதில் இல்லை என்பதுதானே மாமியின் கோபம்? பதிலை ஊர் முழுக்க, உலகம் முழுக்கக் கேட்க வைக்கிறேன். எந்த வேன் அவரை ஏசியதோ அதே வேனில் அவர் பதிலும் போகட்டும்.

மாமியிடம் கேட்டுச் சொல். அவர் சரி என்றால் பத்து நாளில் வந்துவிடும். நாற்பதாம் நாளுக்குள் எல்லாம் சரியாகிவிடும்.

முஹ்சின்


மேலப்பாளையம்
29.12.2024

முஹ்சின்,

உன் கடிதத்தை மாமிக்கு நானே படித்துக் காட்டினேன். அதற்கென்று மறுபடி முக்கூடலுக்குப் போனேன். படித்து முடித்ததும், "எம் பதில ரோட்டுல விக்கதுக்கா சொன்னேன்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தத் துண்டை எவனிடம் காட்டினாயோ அவனிடமிருந்து வாங்கு. உன்னிடம் இருக்கிறதையும் அழி. முதல் தடவை அழிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அழிக்காதவன் நீ. இந்தத் தடவை உன்னை நம்புவதற்கு எனக்கு எந்த வழியும் இல்லை.

இருந்தும் உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் வந்தார்கள்.

நாற்பதாம் நாள் காலையில் ஒரு வேன் வந்து நின்றது. கமர் நிஷா மாமி இறங்கினார், அன்றைக்கு ஏசல் அறையில் இருந்த அவர்கள் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள். நாசர் மாப்பிள்ளை வாசலோடு நின்றுகொண்டார். மாமி யாருக்கும் ஸலாம் சொல்லுமுன் நம் வீட்டுப் பெண்களையெல்லாம் கூப்பிடச் சொன்னார். அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். வாளியை அவரே எடுத்து வைத்தார். முதலில் என் போனை வாங்கிப் போட்டார். அப்புறம் தாம்பாளத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கிக் காட்டினேன். அடியில் ஒன்றும் இல்லை என்று முப்பது பேரும் பார்த்தார்கள். இனி எந்த வீட்டில் பாடினாலும் நான் அப்படித்தான் காட்ட வேண்டும் போல. காட்டுவேன். அது உன் புண்ணியம்.

"அன்னைக்குப் பாடுனத அப்படியே பாடு" என்றார் மாமி.

வேண்டாம் மாமி என்றேன். அவர் விடவில்லை. "முக்கூடல் மாமியாரே" என்று தொடங்கினேன். இரண்டாவது வரி வருமுன் அறையில் இருந்த சின்னப் பிள்ளைகள் இடுப்பை ஆட்டின. ஏனென்று பார்த்தேன். என் கை உன் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலும் கடையிலும் கல்யாண மண்டபத்திலும் கேட்டுக் கேட்டு என் கைக்குள்ளேயே அது ஏறிவிட்டது. எனக்குள் எழுந்த ஆத்திரத்தில் தாம்பாளத்தை வீசி எறிந்திருப்பேன். மாமி என் கைமேல் தன் கையை வைத்தார். "பைய" என்றார். "பைய அடி. நான் எங்கனயும் ஓடிற மாட்டேன்."

பைய அடித்தேன். முழுதாகப் பாடினேன், காலி டப்பாவையும் சேர்த்துப் பாடினேன். மாமி எழுந்து பதில் பாடினார்.

அன்றைக்குப் பாடிய பதிலைப் பாடவில்லை. புதிதாகப் பாடினார். என்ன பாடினார் என்று உனக்கு எழுத மாட்டேன். யாரைப் பாடினார் என்றும் எழுத மாட்டேன். அழுதோமா சிரித்தோமா என்பதைக்கூட எழுத மாட்டேன். நாசர் மாப்பிள்ளை கதவுக்கு வெளியேதான் நின்றார், அவரும் எங்களிடம் கேட்கவில்லை. வெளியே நிற்கிற ஆண்கள் அப்படித்தான் நிற்க வேண்டும்.

முடிந்ததும் நான் அவர் வாயில் சீனி போட்டேன், அவர் என் வாயில் போட்டார். மர்வாவையும் பிள்ளையையும் அழைத்துப் போய்விட்டார்கள். பிள்ளையை நாசர் மாப்பிள்ளை கட்டுப் போட்ட விரலோடு வாங்கிக்கொண்டார். மர்வா வேனில் ஏறும்போது அழவில்லை.

மாமி கடைசியாக ஏறினார். கைப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து என்னிடம் தந்தார். மூடியில் அவர் வீட்டுக்காரரின் பெயர் வெட்டியிருக்கிறது. கல்யாண வீடுகளிலிருந்து சோறு கொண்டுவந்த டப்பா. "இத ஒந்தம்பிக்குக் கொடுத்துவிடு. காலியாத்தான் தாரேன். ஊருக்கு வரும்போது கொண்டாரச் சொல்லு. காலியா கொண்டாரப்புடாதுன்னு சொல்லு" என்றார். என்ன போட்டுக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். "அது அவனுக்குத் தெரியணும்" என்றார்.

அவசர லீவில் வந்த காஜா முகைதீன் மறுபடி சார்ஜாவுக்குப் போகிறார். அவர் கையில் டப்பாவும் இந்தக் கடிதமும் வரும்.

மாமி உன்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்படி எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஃபஹ்மிதா


சார்ஜா
9.1.2025

லாத்தா,

டப்பா வந்துவிட்டது.

துண்டைத் திரும்ப வாங்கிவிட்டேன். இனி எதுவும் தருவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், அவர்கள் இனி என் எந்தப் பாட்டையும் வாங்க மாட்டார்களாம். பழைய பதிவை அழித்துவிட்டேன். உன் குரலையும் மாமியின் குரலையும், தாம்பாளத்தையும். நீ நம்ப வேண்டியதில்லை. வேன்களில் ஓடுகிறதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. போன வாரம் இங்கே ஒரு கடையில் அதைப் போட்டார்கள். சாமான் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

கோபம் எனக்கும் போகவில்லை, உண்மையைச் சொல்கிறேன். உங்கள் அறையின் மேல் இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. மாமி என்ன பாடினார் என்று யோசித்து யோசித்து வேலை ஓடவில்லை. எழுத மாட்டேன் என்று எழுதினாய் பார், அது நீ என் காதைப் பிடித்ததைவிட வலிக்கிறது. வலிக்கட்டும் என்றுதான் எழுதியிருப்பாய்.

பிப்ரவரியில் லீவு கேட்டிருக்கிறேன். முதலில் முக்கூடலுக்குத்தான் போவேன், அப்புறம்தான் வீட்டுக்கு வருவேன். டப்பாவில் என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை. மாமியின் பதிலை இனி நான் கேட்கவும் முடியாது. உன் கடிதத்தில் இருக்கிற நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. காஜா முகைதீன் போனதும் மூடியைத் திறந்து பார்த்தேன். காலிதான். திறந்த கையோடு என் விரல் அதன் அடியில் தட்டியது. நல்ல சத்தம் லாத்தா, ஆழமாக, தாம்பாளத்தைவிட நல்ல சத்தம். அதைப் பதிவு செய்ய மறு கை போனை எடுக்கப் போய்விட்டது.

எடுக்கவில்லை. டப்பாவை மூடிவைத்துவிட்டேன்.

முஹ்சின்